வாரா வாரம் நீ போட்ட கிரீஸ்

சுரேஷு, இந்தக் கடிதத்த கேன்டீன்ல நாலு பேரு எட்டிப் பாக்கற எடத்துல உக்காந்து படிக்காத. ரூமுக்குப் போயி கதவ சாத்திகினு படி. உன் மானத்தக் காப்பாத்தறதுக்காக சொல்லல. பாதியில எவனாவது கூப்புட்டான்னு மடிச்சு பாக்கெட்ல வச்சிகினு போயிடுவ, அதுக்காக சொல்றேன். போன் பண்ணா ரெண்டு நிமிஷத்துல "அம்மா, டிரெய்னிங் ஆரம்பிச்சிடுச்சு"ன்னு கட் பண்ற. கடிதத்தக் கட் பண்ண முடியாது பாரு. வேணும்னா கிழிக்கலாம். கிழிச்சின்னா இன்னொண்ணு எழுதுவேன். பத்தாவது வரைக்கும் படிச்சவ நான், எனக்கு எழுத வரும். நல்லா இருக்கியா, சாப்டியா, பூனாவுல மழையா வெயிலான்னுலாம் கேக்கறதுக்கு இன்னிக்கு எனக்கு வாய் வரல. வயிறு எரியுது. அதோடதான் எழுதறேன்.

போன புதன்கெழம இன்னா நடந்துதுன்னு உனக்கு முழுசா தெரியாது. "செயின் கழண்டுடுச்சு, பஸ்ஸ விட்டுட்டேன்"னு மட்டும் தேனு உனக்கு மெசேஜ் போட்டா. மீதிய நான் சொல்றேன், உன் பொண்டாட்டி சொல்ல மாட்டா. ஃபர்ஸ்ட் ஷிப்டு. அஞ்சு மணிக்கெல்லாம் யூனிபார்ம் போட்டுகினு, டேக்க கழுத்துல மாட்டிகினு, சாப்பாட்டுப் பைய ஹேண்டில்ல தொங்க விட்டுகினு கெளம்பினா. நம்ம பிள்ளைப்பாக்கம் ரோடு போயி சர்வீஸ் ரோட்ல சேர்ற எடத்துல, வேகமா மிதிச்சுத் திரும்பும்போது செயின் எகிறி, பின்னாடி பல் சக்கரத்துக்கும் பாருக்கும் நடுவுல போயி மாட்டிகிச்சு. சக்கரம் அப்படியே பூட்டிகிச்சு. கீழ உழுந்துட்டா. பின்னாடி புதுக்காரு ஏத்திகினு ஒரு டிரெய்லரு. அந்த டிரைவரு மகராசன் பிரேக்க அழுத்தினதாலதான் இன்னிக்கு என் வூட்ல விளக்கு எரியுது. எறங்கி வந்து அவள கண்டபடி திட்டினானாம். அப்புறம் அவனே தண்ணி பாட்டில் குடுத்து, சைக்கிள தூக்கி ஓரமா வச்சுட்டுப் போனானாம். எதிர்ல கம்பெனி பஸ்ஸு நிக்குது. பொண்ணுங்கல்லாம் ஜன்னல்ல இருந்து "தேனு, சைக்கிள போட்டுட்டு ஓடியா"ன்னு கத்துதுங்க. இவளால காலு ஊன முடியல. பஸ்ஸு போயிடுச்சு. முழங்கை தோலு உரிஞ்சு, மாட்டின செயின இழுத்து விட்டுட்டு, நொண்டிகினே சைக்கிள தள்ளிகினு வூட்டுக்கு வந்தா. வாசப்படியில உக்காந்து, வலிக்குதுன்னு சொல்லல அந்தப் பொண்ணு. "அத்தை, இது மூணாவது தடவை"ன்னு சொன்னா.

மூணாவது தடவைன்னா இன்னான்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டரை வருஷமா அந்த போன் கம்பெனியில கான்ட்ராக்ட்ல நின்னுகினே வேல செஞ்சவ. இந்த வருஷம்தான் பர்மனென்ட் லிஸ்ட்ல பேரு வந்துது. ஆறு மாசம் பாப்பாங்க, அதுல லீவு, லேட்டு எல்லாத்தையும் எழுதி வைப்பாங்க. வியாழக்கெழம ஆட்டோவுல போனவ கையில ஒரு பேப்பர குடுத்து கையெழுத்து வாங்கினாங்களாம். இன்னும் ஒரு தடவ பஸ்ஸ விட்டா லிஸ்ட்ல இருந்து பேரு போயிடும். கடைசி ஆளா பேரு சேந்தவ, மொத ஆளா வெளிய வருவா. இதுதான்டா நடந்துது.

புதன்கெழம மத்தியானம் நான் அந்த சைக்கிள கோணி விரிச்சுத் தலகீழா நிக்க வச்சு, செயின் கவரோட ஸ்குரூ நாலையும் கழட்டினேன். ஏற்கெனவே ரெண்டு தடவ கழண்ட செயினு, இன்னாதான் அதுக்குக் கேடுன்னு பாக்கலாம்னு. தெறந்தா உள்ள செயினே கண்ணுக்குத் தெரியல. கறுப்பா, மொத்தமா, அட அட அடையா அப்பிகினு இருந்துது. விரல்ல வழிச்சுப் பாத்தா உள்ள பச்ச. உங்க கம்பெனியில இருந்து நீ டப்பாவுல கொண்டாந்து ஜன்னல் மேல வச்சிருக்கியே, அதே பச்ச கிரீஸு. ரெண்டு விரல்ல தேச்சுப் பாத்தேன், நறநறங்குது. மணலு. எம்-சாண்ட் லாரி இந்த ரோட்ல நாளெல்லாம் ஓடுது, காத்துல பாதி மணலுதான். அது மொத்தமும் அந்த கிரீஸ்ல ஒட்டிகினு, ஒவ்வொரு கண்ணியிலயும் பூந்து, அவ மிதிக்க மிதிக்க இரும்ப அரைச்சுகினு இருந்துருக்கு. ஒரு லேயர் இல்லடா. மேல மேல. பழசத் தொடைக்காம மேல புதுசு, அதுக்கு மேல மண்ணு, அதுக்கு மேல திரும்பப் புதுசு. நாலு மாசமா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நீ உக்காந்து போட்டது.

முக்குல சைக்கிள் கட வச்சிருக்காரே பாஷா பாய், அவராண்ட எடுத்துகினு போனேன். செயின தூக்கிப் புடிச்சு ஆட்டிப் பாத்தாரு. "செயினு இழுத்து நீண்டு பூட்ச்சும்மா, பல்லும் தேஞ்சு கீது. யாருமா இதப் போட்டது? இது பேரிங்குக்குப் போடறது. ஒண்ணும் தெரியாத ஆளு எவனோ போட்டுக்கீறான்"னாரு. என் புள்ள மெயின்டனன்ஸ்ல கீறான், ரோபோவுக்கு கிரீஸ் போடறவன், அவன்தான் போட்டான்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல. "ஆமா பாய், தெரியாத ஆளுதான்"னு சொல்லிட்டு, பல் சக்கரத்த அவராண்டயே மாத்திகினு, புது செயின் வாங்கிகினு வந்தேன். அப்பக்கூட, சத்தியமா சொல்றேன், நீ அசால்ட்டா செஞ்சிருப்பன்னுதான் நெனச்சேன். டியூட்டி முடிச்சுட்டு வந்த அலுப்பு, கைக்கு அம்புட்டத தடவிட்டான் புள்ளன்னு உனக்காக நானே மனசுக்குள்ள பேசிகினேன். பெத்தவ புத்தி.

அன்னிக்கு சாயந்திரம்தான் உனக்குப் போன் பண்ணேன். "டேய், செயினுக்கு அந்த கிரீஸ் போடலாமாடா, அதுவும் தொடைக்காமக்கூட"ன்னு கேட்டேன். நீ சிரிச்ச. அந்த சிரிப்பு இன்னும் என் காதுல கீது. "தெரிஞ்சுதாம்மா போட்டேன். நாலு தடவ பஸ்ஸு மிஸ் ஆச்சுன்னா அவளே வெறுத்துப் போயி நின்னுடுவா. நான் இன்னா அவள அடிச்சனா? வேலைக்குப் போவாதன்னு ஒரு வார்த்த சொன்னனா?"ன்னு கேட்ட. அடப்பாவி! அடிச்சிருந்தா நான் ஊரக் கூட்டிருப்பேன்டா. போவாதன்னு சொல்லிருந்தா அவ உன்னாண்ட சண்டையாவது போட்டிருப்பா. நீ சோப்பு போட்டுக் கைய கழுவிகினு வந்து, "போட்டாச்சு தேனு, இனிமே வெண்ணெ மாதிரி ஓடும்"னு சொன்னியே, இதுக்கு நான் எங்க போயி எந்த ஊரக் கூட்டறது? ஒரு நாளு கோவத்துல எதையாவது செஞ்சுட்டன்னா ஆத்திரம்னு நெனச்சுக்கலாம். நீ வாரா வாரம் செஞ்சிருக்க. நடுவுல பதினஞ்சு பதினாறு ஞாயித்துக்கெழம வந்துருக்கு. ஒரு ஞாயித்துக்கெழமகூட, வாணாம் விட்டுடலாம்னு உனக்குத் தோணலியா?

உனக்குத் தெரியாத வேலன்னு ஒண்ணு இருந்தா மன்னிக்கலாம். ரோபோவோட எந்த மூட்டுக்கு எத்தினி கிராம் கிரீஸுன்னு தராசுல எடை போட்டு வைக்கறவன் நீ. ஒரு கிராம் கூடினா சீல் பிதுங்கிடும்னு உன் பிரண்டுங்களாண்ட பாடம் நடத்துவ. எனக்கும் தெரியும். கேபிள் கம்பெனி லைன்ல பதினோரு வருஷம் நின்னவ நான். ஷிப்டு ஆரம்பிச்சதும் மொத பத்து நிமிஷம் தொட, பாரு, எண்ண போடு, டிக் அடி. கன்வேயர் செயினு ஒருநாளும் என் கையில மொனகினது இல்ல. அதனால எப்படி செயினுக்கு எண்ண போடணும்னு இப்ப நான் எழுதறேன், நீ படி. தெரிஞ்சுகினே கெடுத்தவனுக்குத்தான் இதத் திரும்பப் படிக்க வைக்கணும்.

மொதல்ல தொடைக்கணும். எண்ண போடறதுக்கு முன்னாடி, எப்பவும், எவ்ளோ அவசரம்னாலும். பழைய பல்லு வெளக்கற பிரஷ்ஷ டீசல்ல முக்கி, கண்ணி கண்ணியா, மேல கீழ பக்கவாட்டுன்னு தேய்க்கணும். பனியன் துணியில செயின இறுக்கிப் புடிச்சுகினு பெடல பின்னாடி சுத்தணும், துணி கறுப்பா வரும், வேற துணி எடுக்கணும், கறுப்பு நிக்கற வரைக்கும் சுத்தணும். ஆயுத பூஜைக்கு ஆளாளுக்கு ஓஸ் பைப்ப வச்சுத் தண்ணி பீச்சி, ஈரத்து மேலயே எண்ணைய ஊத்தி, சந்தனத்த அப்பி வைப்பாங்களே, அப்படி செய்யக்கூடாது. நல்லா காயணும். காஞ்சப்புறம் தையல் மிஷினு எண்ண மாதிரி ஓடற எண்ண. தேங்கா எண்ண வாணாம், பிசின் மாதிரி ஆயிடும். மழக்காலத்துக்குன்னா கொஞ்சம் கெட்டியா இருக்கலாம். செயினோட கீழ்ப்பக்கத்துல, உள்பக்கமா, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு. ஒரே சொட்டு. அவசரப்பட்டு சர்ருன்னு ஊத்தினா சக்கரத்து விளிம்புல தெறிக்கும், அப்புறம் பிரேக்கு புடிக்காது, அதுவும் உசுருக்கு ஒல வைக்கும். எல்லா உருளைக்கும் போட்டுட்டு, பெடல பின்னாடி இருவது சுத்து சுத்தி, எண்ண உள்ள எறங்கற வரைக்கும் கம்முனு உக்காரணும். கடைசியா, மேல வழிஞ்சு நிக்கறத மொத்தமும் தொடச்சிடணும். எண்ண உள்ள இருக்கணும், வெளிய தொட்டா விரல்ல ஒட்டக்கூடாது. வெளிய பளபளன்னு இருந்தா அது மண்ணத்தான் கூப்புடும். அவ்ளோதான் வேல. அரமணி நேரம். நீ அவளக் கெடுக்கறதுக்கு வாரா வாரம் செலவழிச்ச நேரமும் ஏறக்குறைய அவ்ளோதான்.

ஏன் செஞ்சன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. உன் செக்ஷன்ல இருக்கறவன் எவனோ, "இன்னா மச்சான், நீ பர்மனென்ட், உன் சம்சாரம் கான்ட்ராக்ட் பஸ்ல ஏறுது"ன்னு கேட்டானாம். தேனுதான் சொன்னா, சிரிச்சுகினே சொன்னா. உனக்கு அது சிரிப்பா இல்ல. ஆனா தட்ட மாத்திக்கற அன்னிக்கு தேனோட அம்மா உன் எதிர்ல உக்காந்து, "எங்க புள்ள வேலைய மட்டும் விடச் சொல்லிராதீங்க தம்பி, அவ ஆசைப்பட்டு ஊரு விட்டு வந்து சேந்த வேல"ன்னு கேட்டாங்க. "அதெல்லாம் ஒண்ணும் இல்லத்தே, அவங்க இஷ்டம்"னு சபையில பெரிய மனுஷனாட்டம் சொன்ன. அந்த வார்த்தைய மீறவும் தைரியம் இல்ல, காப்பாத்தவும் மனசு இல்ல. நடுவுல ஒரு கிரீஸ் டப்பா கெடச்சுது உனக்கு.

இப்ப நான் ஒண்ணு சொல்லணும். சொல்ல எனக்கு வெக்கமா கீது, ஆனா சொல்லாம உன்ன மட்டும் திட்டினா அது நாயம் இல்ல. அந்தக் கேபிள் கம்பெனியில எனக்கும் பர்மனென்ட்டுக்கு ஒரு லிஸ்ட் வந்துது. அதுக்கு ஒரு நாளு டெஸ்ட்டு, காலையில ஏழு மணிக்கு கம்பெனியில இருக்கணும். சைக்கிள எடுக்கப் போனா ரெண்டு டயர்லயும் காத்து இல்ல, வால் டியூபே இல்ல. ஓட்டமும் நடையுமா தண்டலம் வரைக்கும் போயும் நேரமாயிடுச்சு, கேட்லயே நிறுத்திட்டாங்க. திரும்பி வந்தப்ப நீ ஓடி வந்த. ஒம்போது வயசு உனக்கு. "அம்மா, அப்பாதான் புடுங்கி வேலியில போட்டாரு, நான் பாத்தேன்"ன்ன. நான் உன்ன அறைஞ்சேன். பளார்னு, கன்னத்துல. "அப்பாவப் பத்தி இப்படிப் பேசுவியா"ன்னு கேட்டேன். ஒரு மாசத்துல அந்த வேலையவே விட்டுட்டேன். அக்கம்பக்கத்துல கேட்டதுக்கெல்லாம், "எனக்கே ஒடம்பு ஒத்துக்கல, நின்னுட்டேன்"னு சொல்லிகினேன். உங்கப்பா சாவற வரைக்கும் அதப் பத்தி அவராண்ட நான் ஒரு வார்த்த கேட்டது இல்ல. குடும்பம் ஒடையாம காப்பாத்திட்டோம்னு பெருமை வேற எனக்கு. நெசத்த சொன்னவன அறைஞ்சுட்டு, செஞ்சவருக்கு சோறு போட்டேன். அதப் பாத்துதான் நீ வளந்த. பொம்பளைய நிறுத்தணும்னா வாயத் தெறக்க வாணாம், வண்டியத் தொட்டா போதும்னு உனக்குக் கத்துக்குடுத்தது அவரு மட்டும் இல்ல, அந்த அறையும்தான். அந்த அறைக்கு நான் உன்னாண்ட மன்னிப்பு கேக்கறேன். இவ்ளோ வருஷம் கழிச்சுக் கேக்கறேன், ஆனா முழு மனசா கேக்கறேன். அதுக்காக நீ செஞ்சதுக்கு ஒரு பிடி கூட குறைச்சுக்க மாட்டேன். ஒம்போது வயசுல அது தப்புன்னு தெரிஞ்சுதானேடா என்னாண்ட ஓடி வந்து சொன்ன? முப்பது வயசுல எங்க போச்சு அந்தப் புத்தி?

வெள்ளிக்கெழம அவ ஷிப்டு முடிச்சு வந்தப்புறம் நானும் அவளுமா உக்காந்து புது செயின மாட்டினோம். நான் சொட்டு விட்டேன், அவ பெடல சுத்தினா. அவ லைன்ல கண்ணுக்குத் தெரியாத ஸ்குரூவெல்லாம் மாட்டறவ, ரெண்டு எடத்துல நான் சொட்டு தப்பா விட்டத அவதான் கண்டுபுடிச்சா. தொடைக்கும்போது கட்டு போட்ட முழங்கைய மடக்க முடியாம, எடது கையால தொடச்சா. அப்ப அவ ஊருப் பேச்சுல உன்னப் பத்தி சொன்னா: "அவிய பாவம் அத்தை. பூனாவுக்குக் கெளம்புத அன்னைக்குக் கூட உக்காந்து கிரீஸு போட்டுட்டுத்தான் போனாவ. நாந்தான் நல்லா ஓட்டத் தெரியாம கெடுத்துப்புட்டேன். அவியட்ட செயினு மாத்துனத சொல்லிராதீய, வருத்தப்படுவாவ."

கேட்டியாடா? நீ வருத்தப்படுவியாம். அப்பவே சொல்லிடலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துது. நான் சொல்லல. உன்னக் காப்பாத்தறதுக்கு இல்ல. அந்த வேலைய ஒரு தடவ செஞ்சேன், போதும். நான் சொன்னா மாமியா கோள் சொன்ன கத ஆயிடும், நீ வந்து சிரிச்சு மழுப்பிடுவ. அதனால நீதான் சொல்லணும், உன் வாயால சொல்லணும். தெரியாம செஞ்சேன்னு சொல்லக்கூடாது. தெரிஞ்சு செஞ்சேன்னு, வாரா வாரம் செஞ்சேன்னு, எதுக்கு செஞ்சேன்னு சொல்லணும். தனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு அந்தப் பொண்ணு நெனச்சுகினு இன்னும் ஒரு நாளுகூட அந்த சைக்கிள்ல ஏறக்கூடாது.

இது வர்ற வெள்ளிக்கெழமக்குள்ள உன் கைக்கு வந்துடும்னு கொரியர்காரன் சொன்னான். ஞாயித்துக்கெழம அவளுக்கு லீவு. காலையில பத்து மணிக்குக் கூப்புடு. வீடியோ கால்ல கூப்புடு, அவளுக்கு உன் மூஞ்சி தெரியணும். நான் கறிக்கடைக்குப் போயிடுவேன், அங்க கூட்டமா இருக்கும், பதினொண்ணு ஆயிடும் வர்றதுக்கு. வந்ததும் அவ மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும். நீ சொல்லலன்னா, கறிய வச்சுட்டு நான் உக்காந்து சொல்லுவேன். நீயே சொல்லி, அதக் கேட்டுட்டு அவ கம்பெனி ஹாஸ்டலுக்கே போறேன்னு துணிய மடிச்சுகினு இருந்தாலும், நான் தடுக்க மாட்டேன். பைய சைக்கிள் கேரியர்ல வச்சுக் கட்டி, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நான் தள்ளிகினு போவேன்.

உன் அம்மா.